செவிச்செல்வம் யாருக்குரியது?

அண்மையில் ஆசிரியர்க்கென நடத்தப்பெற்ற செயலமர்வொன்றில் நாமும் பங்குபற்றினோம். மாணவரின் ஆங்கிலக் கேட்டல் திறனை வளர்ப்பது எங்ஙனம் என்பதே அன்றைய பொருள். வளவாளராக வந்திருந்தவர் தமது கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். "உலகத்திலுள்ள சிறந்த ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் இதற்குள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பொட்காஸ்ட் கேட்கச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் போதும். இனியும் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்றால் அது அந்தப் பிள்ளையின் சோம்பலே தவிர வேறில்லை" என்று கூறி முடித்தார். மண்டபத்திற் கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். வீடு திரும்பும் வழியிலேதான் அக்கூற்றினுள் மறைந்து கிடந்த அநீதி எமக்குப் புலனாயிற்று.

பொட்காஸ்ட் என்பது யாது? பேச்சு நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்து, கேட்போர் தாம் விரும்பும் வேளையிற் பெற்றுக் கேட்கத்தக்க வகையில் தொடராக வெளியிடும் முறையே அது. 2004 ஆம் ஆண்டில் இலண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் இப்பெயர் முதன்முதலாகத் தோன்றியது. வானொலி தன் நேரத்துக்கு எம்மை அழைத்தது. இதுவோ எம் நேரத்துக்குத் தான் வருகின்றது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். பிபிசி நிறுவனத்தின் 'ஆறு நிமிட ஆங்கிலம்' போன்ற நிகழ்ச்சிகள் பேச்சின் எழுத்து வடிவத்தையும் உடன் தருகின்றன. மொழி கற்பானுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

நாம் இக்கருவியின் எதிரிகள் அல்லோம். தமிழ்மொழி மூலம் கற்றுத் தமிழிற் பட்டம் பெற்ற நாம், ஆங்கில விமரிசன நூல்களை அகராதியின் துணையோடு வாசிக்கப் பழகியிருந்தும், ஆங்கிலத்தில் நிகழும் ஓர் உரையைக் கேட்டு விளங்கும் ஆற்றலை முப்பது வயதளவிலேதான் அடைந்தோம். பாடசாலைக்குச் செல்லும் பஸ்ஸில் ஈராண்டு காலம் இத்தகைய நிகழ்ச்சிகளை விடாது கேட்டதே அதற்கு வழிசெய்தது. ஆயின், அவ்வீராண்டும் எமக்கு மாதச் சம்பளம் இருந்தது. டேற்றாவுக்குப் பணம் இருந்தது. ஐயம் எழுந்தபோது கேட்டறிய ஆங்கிலம் தெரிந்த நண்பர் இருவர் இருந்தனர். இவை மூன்றும் இல்லாத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து, 'நான் செய்தேன், நீ ஏன் செய்யவில்லை?' என்று கேட்க எமக்கு யாது உரிமையுண்டு? அரசும் பாடசாலையும் செய்யாது விட்ட கடமையைப் பிள்ளையின் சோம்பலாக மாற்றிக் கணக்கெழுதும் அந்தத் தந்திரத்தையே இக்கட்டுரையில் நாம் எதிர்க்கின்றோம்.

எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர். கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். உயர்தரத்தைத் தமிழிற் கற்று, பல்கலைக்கழகம் ஒன்றின் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானார். ஊரே மகிழ்ந்தது. மூன்றாம் மாதம் அவர் எம்மைத் தேடி வந்தார். படிப்பை விட்டுவிட்டு வேலை தேடலாமா என்று கேட்டார். காரணம் வினவினோம். "சேர், புத்தகத்தில கிடந்தா எனக்கு விளங்கும். அவர் வாயால சொல்லேக்கை ஒண்டும் பிடிபடுகுதில்லை. எல்லாரும் சிரிக்கேக்கை நானும் சிரிக்கிறன், சேர்" என்றார். அந்த இறுதி வாக்கியம் எம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. விரிவுரை மண்டபத்தில் ஏனையோர் எதற்குச் சிரிக்கின்றனர் என்று அறியாது தானும் சிரிக்கும் இளைஞனின் தனிமையைச் சோம்பல் என்று அழைப்போர் அழைக்கட்டும். சோம்பேறி ஒருவன் கூலிக் குடிசையிலிருந்து விஞ்ஞான பீடம் வரை வந்துசேர்வதில்லை.

இதிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மாணவர் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்றவர். எமது பாடத்திட்டம் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு திறன்களையும் ஏட்டிலே பேசுகின்றது. அவர் எழுதிய பரீட்சையோ இரு வினாத்தாள்களாலானது, இரண்டும் கடதாசியிலானவை. பரீட்சையில் வராதது வகுப்பில் வராது என்பது எமது பாடசாலைகளின் எழுதாச் சட்டம். பதினொரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்ற ஒருவரின் செவியை எவரும் ஒருமுறையேனும் சோதித்திலர். சோதிப்பது கிடக்க, பயிற்றியதுமில்லர். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டறிதலைக் கற்றலின் ஒரு தனித்துறையாகவே கண்ட மரபில் வந்த நாம், பிறமொழி ஒன்றைச் செவியின்றியே கற்பிக்கத் துணிந்தோம்!

கேட்டால் ஏன் விளங்குவதில்லை? 'அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள்' என்பதே பிள்ளைகள் கூறும் விடை. இவ்விடை முழுமையானதன்று. தமிழாசிரியராகிய நாம் இதனை எமது இலக்கண அறிவு கொண்டே விளக்கலாம் எனக் கருதுகின்றோம். சொற்கள் தனித்து நிற்கும்போது ஒருவகையாகவும் அடுத்த சொல்லோடு சேரும்போது வேறொரு வகையாகவும் ஒலிக்கும் என்பதைத் தமிழிலக்கணக்காரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டு, புணர்ச்சி எனப் பெயரிட்டு, தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரங்களை வகுத்துவைத்தனர். பொன் என்பதும் குடம் என்பதும் சேர்ந்தால் பொற்குடம் ஆகும். மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்தால் மரவேர் ஆகும். தமிழில் இம்மாற்றங்களை நாம் எழுத்திலும் காட்டுகின்றோம். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. ஆனால், ஆங்கில எழுத்து அதனைக் காட்டுவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

உதாரணங்கள் சில காட்டுவாம். 'ஹான்ட்' என்பதும் 'பாக்' என்பதும் சேர்ந்த கைப்பையின் பெயரை ஆங்கிலேயர் இயல்பாகப் பேசுகையில் 'ஹாம்பாக்' என்றே ஒலிப்பர். இடையிலுள்ள ஒலி கெட்டது. னகரம் அடுத்துவரும் ஒலிக்கு இனமான மகரமாகத் திரிந்தது. 'லாஸ்ட் நைட்' என்பது 'லாஸ்நைட்' ஆகும், இதுவும் கெடுதலே. 'லோ அன்ட் ஓடர்' எனுமிடத்து, எழுத்தில் எங்கும் இல்லாத ரகரம் ஒன்றைத் தோற்றுவித்து 'லோரன் ஓடர்' என்பார் இங்கிலாந்திற் பலர், இது தோன்றல். மூன்று விகாரங்களும் வந்துவிட்டன! இவற்றோடு இன்னொன்றும் உண்டு. எமது குற்றியலுகரம் தன் மாத்திரையிற் குறைந்து அரை மாத்திரையாக ஒலிப்பதுபோல, ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்கள் யாவும் குறுகித் தேய்கின்றன. 'கேன்' எனக் கற்பிக்கப்பட்ட சொல் வாக்கியத்தின் நடுவே 'க்ன்' என்று கடந்து போய்விடும். புத்தகத்திற் கண்ட சொல்லைச் செவி தேடிக்கொண்டிருக்கையில், அது வேறு வேடத்தில் வந்து போய்விடுகின்றது. பிள்ளைக்குத் தெரியாத சொல் வந்ததால் அன்று, தெரிந்த சொல்லே உருமாறி வந்ததாற்றான் விளங்கவில்லை.

இவ்வுண்மையை நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் ஓர் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். ஆனால், எவரும் காட்டாத பிள்ளை ஆயிரம் மணித்தியாலம் பொட்காஸ்ட் கேட்டும் இதனைத் தானே கண்டுபிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. விளங்காத ஒலியை எத்தனை முறை கேட்பினும் அது இரைச்சலே. மழையைக் கேட்டு எவரும் மொழி கற்றதில்லை. 'கேட்டுக்கொண்டேயிரு, வந்துவிடும்' என்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றிற் தள்ளிவிட்டு 'இருந்துபார், வந்துவிடும்' என்பதை ஒத்தது. சிலர் கரையேறுவர். அவர்களை மேடையேற்றி மாலை சூட்டுவோம். ஏனையோரைப் பற்றி எவரும் பேசமாட்டார்.

மொழிக்கல்வி அறிஞர் ஜோன் ஃபீல்ட் 2008 இல் வெளியிட்ட கேட்டல் பற்றிய நூலில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். வகுப்பறைகளில் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு வினாக்களுக்கு விடை கேட்கின்றனர். விடை சரியாயின் அடுத்த பாடம், பிழையாயினும் அடுத்த பாடம். இது கேட்டலைச் சோதிப்பதேயன்றிக் கற்பிப்பதன்று. எந்த இடத்திற் செவி தவறியது, ஏன் தவறியது என்று கண்டு திருத்துவதே கற்பித்தல். இங்கிலாந்தின் அறிஞர் தம் நாட்டு வகுப்பறைகளையும் மனத்திற்கொண்டு இவ்வாறு கூறினாரெனின், ஒலிப்பதிவும் இன்றி ஆசிரியரும் இன்றி இருக்கும் எமது பின்தங்கிய பாடசாலைகளைப் பற்றி யாது கூறுவது? நாம் சோதிப்பதுமில்லை, கற்பிப்பதுமில்லை. வீட்டுக்குச் சென்று கேள் என்கின்றோம்.

அந்த வீடு எத்தகையது என்று எப்பொழுதாவது சிந்தித்தோமா? 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி புகுத்தப்பட்டபோது, அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மலைப்பாறைகளிலும் மரக்கிளைகளிலும் ஏறியதை நாடே கண்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. இவை கடந்துபோன இடர்கள் என்று கூறுவர். ஒரு தொலைபேசியைத் தாயும் தந்தையும் பிள்ளைகள் மூவரும் பங்கிடும் வீடு கடந்துபோய்விடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் அமைதியாக அரை மணித்தியாலம் அமர்ந்து கேட்பதற்கு இடம் எங்கேயுண்டு? காதிற் செருகும் கருவியும், டேற்றாவுக்கு ரீலோட் பணமும், ஓய்வான அரை மணித்தியாலமும் சேர்ந்தே 'இலவச' பொட்காஸ்ட் ஆகின்றது. நிறுவனம் இலவசமாகத் தருவதைப் பெறுவதற்கு ஏழை கொடுக்கவேண்டிய விலை எப்பொழுதும் இருக்கின்றது.

மறுபுறம், நகரத்துச் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைக்குப் பொட்காஸ்ட் எதற்கு? அவனது வீட்டுச் சாப்பாட்டு மேசையே ஒரு பொட்காஸ்ட். தந்தையின் தொலைபேசி உரையாடல், தாயின் கண்டிப்பு, நண்பரின் கேலி, எல்லாம் ஆங்கிலத்தில் அவன் செவியில் நாள் முழுதும் விழுகின்றன. அவன் முயற்சியின்றிப் பெறுவதை மற்றவன் முயன்று பெறவேண்டும். பெறாவிடிற் சோம்பேறி எனப் பட்டம் சூட்டப்பெறுவான். சிங்களப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என அழைத்தனர். உடையவன் கையிலிருந்து இல்லாதவனை வெட்டுவது என்ற பொருளிலேதான். அப்பெயரை இட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். தம்மேல் விழுந்த வெட்டை அறிந்தவர்கள்.

இவ்விடத்தில் எமது சொந்த முகாமையும் நோக்கிச் சில சொற் கூறுதல் வேண்டும். 'ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழி. அதனைப் பிள்ளைகளின் செவியிற் புகுத்துவதே அடிமைத்தனம்' என வாதிடும் நண்பர்கள் சிலர் எம்மிடையே உளர். அவர்களுடைய தேசபக்தியை நாம் ஐயுறவில்லை. எனினும், அவ்வாதம் யாருக்குப் பயன்படுகின்றது என்று அவர்களைச் சிந்திக்கும்படி வேண்டுகின்றோம். 1945 இன் இலவசக் கல்வியும் அதன்பின் வந்த தாய்மொழிக் கல்வியும் எம்மைப் போன்றோரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தன. அவ்வெற்றியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால், தாய்மொழிக் கல்வியை மேடையிற் போற்றியவர் பலர் தம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலத்தை ஊட்டினர் என்பதும் மறக்கத்தக்கதன்று. உழைப்பாளியின் பிள்ளைக்குத் தாய்மொழிப் பெருமை மட்டும். உடையவன் பிள்ளைக்குத் தாய்மொழிப் பெருமையோடு ஆங்கிலமும்! இப்பங்கீட்டை நாம் முற்போக்கு என்று அழைக்கலாமா?

எமது முன்னோடிகள் இவ்வாறு எண்ணியதில்லை. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராயிருந்த டொரிக் டி சூசா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பேராசிரியர் கைலாசபதி, பேர்மிங்ஹாமில் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய தமது ஆய்வை 1968 இல் ஆங்கில நூலாக வெளியிட்டவர். தமிழ் விமரிசனத்துக்குப் புதுப்பாதை வகுத்தவரும் அவரே. ஆங்கிலம் அவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. வாளைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதால் வாள் மழுங்குவதில்லை. அதனை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டால் மட்டுமே அது வெட்டும் கருவி என்ற நிலை மாறி வேலைக் கருவியாகும்.

அங்ஙனமாயின், யாருடைய குரலைக் கேட்பது? இதுவே அடுத்த வினா. பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் ஒலிபரப்பு 1943 இல், உலகப்போரின் நடுவே தொடங்கியது. அமெரிக்காவின் குரல் வானொலி, ஏறக்குறைய 1,500 சொற்களைக் கொண்டு மெதுவாக வாசிக்கப்படும் தனது 'விசேட ஆங்கில' ஒலிபரப்பை 1959 ஒக்டோபரில், பனிப்போரின் நடுவே தொடங்கியது. இக்காலங்கள் தற்செயலானவை அல்ல. மொழியைத் தருவோர் அம்மொழியில் எதைக் கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்தே தருகின்றனர். 2025 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதியின் ஆணையொன்றைத் தொடர்ந்து அவ்வானொலியின் ஊழியரிற் பெரும்பாலானோர் விடுப்பில் அனுப்பப்பட்டனர்; ஒலிபரப்புகள் திடீரென மௌனமாயின. உலகெங்கும் அதனை நம்பி ஆங்கிலம் பயின்ற ஏழை மாணவரை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. பிறர் வாயை நம்பி எமது செவியை வளர்ப்பதன் ஆபத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னொன்றையும் நோக்குவோம். 1987 இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. யாரை யாருடன் இணைப்பது? கிளிநொச்சிப் பிள்ளையை இலண்டன் அறிவிப்பாளருடனா? கிளிநொச்சிப் பிள்ளை நாளை பல்கலைக்கழகத்திற் சந்திக்கப்போவது அம்பாந்தோட்டைப் பிள்ளையை. அங்கு விரிவுரை நிகழ்த்தப்போகின்றவர் மாத்தறையிலோ கண்டியிலோ மட்டக்களப்பிலோ பிறந்தவர். இந்நாட்டு ஆங்கிலத்துக்கென 2007 இல் அகராதி ஒன்றே வெளிவந்துவிட்டது. எனினும், எமது பிள்ளைகள் பயிற்சிக்கெனக் கேட்கும் குரல்களில் இந்நாட்டவர் எவருமிலர். விளைவு யாது? தம் ஆசிரியரின் உச்சரிப்பைப் பிழையென எள்ளும் செவியும், தம் வாயைத் திறக்கவே அஞ்சும் நாவும் வளர்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணி புரிந்த அறிஞர் சுரேஷ் கனகராஜா, மேலைநாட்டார் தரும் ஆங்கிலப் பாடங்களை எமது மாணவர் அப்படியே விழுங்குவதில்லை, தமக்கேற்ப எதிர்த்தும் வளைத்துமே ஏற்கின்றனர் என்பதை 1999 இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். அந்த எதிர்ப்பு வெறும் முணுமுணுப்பாக நின்றுவிடாமல் ஆக்கமாக மாறவேண்டும் என்பதே எமது அவா.

வழி உண்டா என்று கேட்பீர்கள். வழி எமது மக்களின் அனுபவத்திலேயே இருக்கின்றது. 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிகளுக்குத் தடை. அக்காலத்தில் எமது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்னோட்டத்தால் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, ஒழுங்கையே கூடிநின்று செய்தி கேட்டது. விளங்காத பெயரை விளங்கியவர் சொன்னார். தவறவிட்டதை அடுத்தவர் நிரப்பினார். செய்தி முடிந்ததும் வாதம் தொடங்கியது. கேட்டல் அங்கே தனிமனிதனின் விடாமுயற்சியாக அன்று, ஒழுங்கையின் கூட்டுச் செயலாக இருந்தது. இன்று பொட்காஸ்டை ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே செருகிவிட்டு, அவரவர் பாடு என்று நாம் விலகிக்கொள்கின்றோம். கருவி முன்னேறியது, கேட்கும் முறை பின்னடைந்தது.

எமது பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர், நிரப்பப்படாத வெற்றிடத்தின் ஒரு பகுதி தமிழாசிரியராகிய எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாந் தரத்தில் 31 பிள்ளைகள். கையில் இருந்தவை எமது தொலைபேசியும் இரவல் வாங்கிய சிறு ஒலிபெருக்கியும். வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினோம். ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்றை மும்முறை கேட்டாற் பதினெட்டு நிமிடம். எஞ்சிய இருபத்திரண்டு நிமிடம் பேசுவதற்கும் எழுதுவதற்கும். முதன்முறை எழுத்து வடிவம் இன்றிக் கேட்டோம். பிடிபட்ட சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். இரண்டாம் முறை எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக் கேட்டோம். எந்தச் சொல் எந்த வேடத்தில் வந்தது என்று கண்டோம். மூன்றாம் முறை மீண்டும் எழுத்தின்றிக் கேட்டோம். இறுதியாக ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, சொல்வதெழுதுதல் செய்தோம்.

முதல் மாதம் கரும்பலகை ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், இலக்கம், இவையே பிடிபட்டன. பக்கத்து வகுப்பின் இரைச்சல் தட்டியைத் தாண்டி வந்தது. சிலர் உறங்கினர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. இரண்டாம் தவணையின் நடுவே ஒருநாள், கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அதில ஒரு 'ர்' கேட்டது. எழுத்தில இல்லை. இது தோன்றலோ?" என்று வினவினாள். தமிழிலக்கண வகுப்பில் வாய் திறந்திராத பிள்ளை அவள்! அன்று வகுப்பே ஆரவாரித்தது. எல்லாரும் ஆங்கிலத்தில் வல்லவராகிவிட்டனர் என்று நாம் கூறமாட்டோம். ஆயின், 'அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள்' என்ற பழைய முறைப்பாடு ஓய்ந்து, 'எந்த இடத்திலே ஒட்டிப் பேசுகிறார்கள்?' என்ற கேள்வி பிறந்தது. அச்சம் ஆராய்ச்சியாக மாறியது. முப்பத்தொரு தொலைபேசிகளும் முப்பத்தொரு தனிமைகளும் செய்யமுடியாததை ஒரு தொலைபேசியும் ஒரு வகுப்பும் செய்தன.

எனினும், ஆசிரியர் ஒருவரின் சொந்தத் தொலைபேசியையும் சொந்த டேற்றாவையும் நம்பி ஒரு நாட்டின் கல்வி நடத்தப்படலாகாது. இதனைப் பாராட்டி எமக்குப் பொன்னாடை போர்த்தவேண்டா. நாம் கோருவன வேறு. தேர்ந்த ஒலிப்பதிவுகளை, எழுத்து வடிவத்தோடு, இணையம் வேண்டாத வகையிற் பென் டிரைவிற் பதித்து ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்புக. ஒரு பாடசாலைக்கு ஓர் ஒலிபெருக்கி வழங்குக. ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களைப் பின்தங்கிய பிரதேசங்களில் முதலில் நிரப்புக. கேட்டலைக் கற்பிக்கும் முறையை ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பயிற்றுக. பொதுப் பரீட்சையிற் கேட்டலுக்குப் புள்ளி வழங்குவதை நாம் வரவேற்போம். ஆனால், இவை யாவும் நிறைவேறிய பின்னரே அது வரவேண்டும். கற்பிக்காததைச் சோதிக்கும் பரீட்சை, ஏழைப் பிள்ளையை வெளியே தள்ளுவதற்கு இன்னுமொரு கதவைத் திறப்பதாகவே முடியும்.

அரசு செய்யும்வரை நாமும் கைகட்டி நிற்கலாகாது. எமது ஊரிலே ஆங்கிலம் பேசும் தாதியர் இல்லையா? தபாலதிபர் இல்லையா? ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லையா? தென்னிலங்கையிற் கற்பிக்கும் சிங்கள ஆசிரிய நண்பர்கள் எமக்கு இல்லையா? தம் தொழிலைப் பற்றி ஆறு நிமிடம் அவர்கள் ஆங்கிலத்திற் பேசினால், அதனைப் பதிவுசெய்ய ஒரு தொலைபேசி போதும். கந்தளாய் விவசாயியின் மகள் பேசும் ஆங்கிலத்தை வவுனியாப் பிள்ளையும், நெடுந்தீவு ஆசிரியர் பேசும் ஆங்கிலத்தைக் காலிப் பிள்ளையும் கேட்கட்டும். பிபிசியையும் கேட்கட்டும், அதனோடு எம்மையும் கேட்கட்டும். ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர் அமைப்புகளும் இப்பணியை ஏற்பின், இணைப்பு மொழி என்ற சொல்லுக்கு முதன்முறையாக ஒரு பொருள் கிடைக்கும்.

எம்மைத் தேடிவந்த அந்த மாணவர் படிப்பை விடவில்லை. விடுதி நண்பர் நால்வரோடு சேர்ந்து, விரிவுரைகளைப் பதிவுசெய்து, இரவில் ஒன்றாக இருந்து கேட்டு, விளங்காத இடத்தில் நிறுத்தி ஒருவரையொருவர் வினவிப் படிக்கத் தொடங்கினார். அவர்களுள் இருவர் சிங்கள மாணவர். அவர்களுக்கும் அதே விரிவுரை விளங்காதிருந்தது என்பதை அப்பொழுதுதான் அவர் அறிந்தார். மண்டபத்திற் சிரித்தவர்களுட் பலர் தம்மைப்போலவே விளங்காமற் சிரித்தவர்கள் என்பதையும் அறிந்தார். தனித்தனியே சோம்பேறிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடியபோது, குறை தம்முடையதன்று என்பதைக் கண்டனர். அடுத்த செயலமர்வில் எவரேனும் தொலைபேசியை உயர்த்திக்காட்டிப் பிள்ளைகளின் சோம்பலைப் பற்றிப் பேசுவாராயின், ஆசிரிய நண்பர்களே, கைதட்டாதீர்கள். எழுந்து நின்று, 'இதனை எந்தப் பாடவேளையில், எந்த ஒலிபெருக்கியில், எந்த ஆசிரியரைக் கொண்டு கற்பிக்கப்போகின்றீர்கள்?' என்று வினவுங்கள்.